குறியாக்கம் செய்த வட்டுப் பிரிவில் எழுதும் அனுமதியைப் பெறுவது எப்படி?

புதிய வெளிப்புற வட்டு ஒன்றை லக்ஸ் என்ற லினக்ஸ் குறியாக்க முறையில் குறியாக்கம் செய்து, உள்ளே எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை அமைத்து, கடவுச்சொல்லைக் கொடுத்துத் திறந்து, மவுண்டும் செய்தாகிவிட்டது, அதாவது ஒரு கோப்புறையின் வழியே பார்க்கும்படி இணைத்தாகிவிட்டது. எங்கும் பிழை வரவில்லை. ஆனால் ஒரு கோப்பை அதற்குள் ஒட்டப் போனால் 'பெர்மிஷன் டினைட்' என்று கணினி மறுக்கிறது. கோப்பு மேலாளரில் ஒட்டுவதற்கான தேர்வே மங்கிக் கிடக்கிறது. கடவுச்சொல் சரியாக இருந்தும் சொந்த வட்டில் எழுத முடியவில்லையே என்று குழம்புகிற புதியவர்கள், குறியாக்கத்தில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி, வட்டை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுண்டு. அப்படி அழித்துச் செய்தாலும் அதே மறுப்புதான் மறுபடி வரும். இது பெரும்பாலும் ஒரே கட்டளையில் தீரக்கூடிய காரியம். அந்தக் கட்டளையை எந்த நேரத்தில், எதன் மேல் இட வேண்டும் என்பதில்தான் தவறு நேர்கிறது.

டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. பிற யூனிக்ஸ் வகைக் கணினிகளைப் பற்றிப் பிற்பகுதியில் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். பெரிய எழுத்து என்று நான் சொல்லாத இடங்களில், டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். கட்டளையின் முன்னே வரும் சூடோ, அதை ரூட் பயனரின் அதிகாரத்தில் ஓடச் செய்கிறது. எடுத்துக்காட்டுக்காக வட்டுப் பிரிவின் பெயர் எஸ்டிபி1 என்றும், திறந்த பின் அதற்கு நாம் சூட்டும் பெயர் பெட்டகம் என்றும், பயனரின் பெயர் கயல் என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் கணினியில் வட்டின் பெயர் வேறாக இருக்கலாம் என்பதால், எந்தக் கட்டளையையும் இடுவதற்கு முன் பெயரை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

மூன்று அடுக்குகள்

குறியாக்கம் செய்த வட்டு மூன்று அடுக்குகளாக அமைந்திருக்கிறது. அடியில் இருப்பது எஸ்டிபி1 என்ற வட்டுப் பிரிவு. அதன் தொடக்கத்தில் லக்ஸ் தலைப்பகுதியும், அதன் பின்னே யாருக்கும் பொருள்படாத பைட்டுகளும் இருக்கின்றன. கடவுச்சொல்லைக் கொடுத்ததும், இயங்குதளத்தின் மையமான கெர்னலில் உள்ள டிஎம்-கிரிப்ட் என்ற பகுதி அந்தப் பைட்டுகளை விடுவித்துக் காட்டும் ஒரு புதிய சாதனத்தை /டெவ்/மேப்பர்/பெட்டகம் என்ற பெயரில் உருவாக்குகிறது. இது இரண்டாவது அடுக்கு. இந்தச் சாதனத்துக்குள் இருக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமைதான் மூன்றாவது அடுக்கு. அதைத்தான் /எம்என்டி/பெட்டகம் போன்ற ஒரு கோப்புறையின் மேல் மவுண்ட் செய்கிறோம்.

யார் எழுதலாம், யார் படிக்கலாம் என்ற விவரம் முழுவதும் இந்த மூன்றாவது அடுக்கில் மட்டுமே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. டிஎம்-கிரிப்ட்டுக்குக் கோப்பு என்றால் என்ன, பயனர் என்றால் யார் என்று எதுவும் தெரியாது; அது செய்வதெல்லாம் துண்டு துண்டாகப் பைட்டுகளைக் குறியாக்குவதும் விடுவிப்பதும்தான். எனவே கடவுச்சொல் கொடுப்பதும் அனுமதி பெறுவதும் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு செயல்கள். இதை முதலிலேயே தெளிந்துகொண்டால், பின்வரும் படிகளில் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியிராது.

அப்படியானால் மறுப்பு எங்கிருந்து வருகிறது? எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை டெர்மினலில் எம்கேஎஃப்எஸ் கட்டளையால் அமைக்கும்போது அது ரூட் பயனரின், அதாவது கணினியில் முழு அதிகாரம் கொண்ட நிர்வாகியின், அதிகாரத்தில் ஓடுகிறது. ஆகவே புதிய கோப்பு முறைமையின் உச்சிக் கோப்புறையும் ரூட் பயனருக்கே சொந்தமாகி, பிறர் பார்க்கலாம் ஆனால் எழுத முடியாது என்ற நிலையில் பிறக்கிறது. க்னோம் டிஸ்க்ஸ் செயலியின் வழியே வட்டை வடிவமைத்தவர்களுக்குப் பொதுவாக இந்தச் சிக்கல் வருவதில்லை, ஏனென்றால் அந்தச் செயலி உரிமையை வடிவமைத்தவர் பெயருக்கே மாற்றித் தந்துவிடுகிறது.

படி 1: நிலையைப் பார்த்தல்

எதையும் மாற்றுவதற்கு முன் நான்கு கட்டளைகளால் நிலவரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்எஸ்பிஎல்கே -எஃப்

இது வட்டுகளையும் அவற்றின் அடுக்குகளையும் மரம்போல் விரித்துக் காட்டும். எஸ்டிபி1 என்ற வரியில் 'கிரிப்டோ_லக்ஸ்' என்ற வகைப்பெயரும், அதன் கீழே கிளையாகப் பெட்டகம் என்ற பெயரும், அதற்கு நேராக எக்ஸ்ட்4, விஃபேட், எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் ஆகியவற்றில் ஒன்றும் தெரியும். அந்தக் கடைசிச் சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். அனுமதியை மாற்றும் வழி அதைப் பொறுத்தே இரண்டாகப் பிரிகிறது.

ஃபைண்ட்எம்என்டி /எம்என்டி/பெட்டகம்

இது அந்த இடத்தில் உண்மையிலேயே ஏதாவது மவுண்ட் ஆகியிருக்கிறதா, எந்த விருப்பங்களுடன் ஆகியிருக்கிறது என்பதைக் காட்டும். பதில் ஏதும் வராவிட்டால் மவுண்ட் ஆகவில்லை என்று பொருள். பதிலில் 'ஆர்ஓ' என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் வட்டு படிக்க மட்டுமே திறந்திருக்கிறது. அதற்கான மருந்து வேறு, பின்னால் வருகிறது.

ஸ்டாட் -சி '%ஏ %யூ %ஜி' /எம்என்டி/பெட்டகம்

இது கோப்புறையின் அனுமதி எண், உரிமையாளர், குழு ஆகிய மூன்றையும் ஒரே வரியில் தரும். இங்கே யூ, ஜி இரண்டும் பெரிய எழுத்துகள். புதிதாக அமைத்த எக்ஸ்ட்4 என்றால் பெரும்பாலும் '755 ரூட் ரூட்' என்ற பதில் வரும். உரிமையாளருக்கு 7, குழுவுக்கு 5, மற்றவர்களுக்கு 5 என்று இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். படிக்க 4, எழுத 2, உள்ளே நுழைய 1 என்ற மூன்றையும் கூட்டினால் 7, எழுதுவதை நீக்கினால் 5. கயல் இங்கே மற்றவர்களில் ஒருவர் என்பதால் பார்க்கலாம், எழுத முடியாது.

நான்காவது, வெறும் ஐடி என்ற கட்டளை. இது உங்கள் பயனர் எண்ணையும், நீங்கள் உறுப்பினராக உள்ள குழுக்களையும் காட்டும். மேற்சொன்ன லினக்ஸ் வழங்கல்களில் முதல் பயனரின் எண் வழக்கமாக 1000.

மறுப்புச் செய்தியின் சொற்களையும் கவனியுங்கள். 'பெர்மிஷன் டினைட்' என்றால் அனுமதிச் சிக்கல். 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்றால் அனுமதியை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை. 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று உரிமையாளரை மாற்றும் வேளையில் வந்தால், ரூட் அதிகாரம் இல்லாமல் முயன்றிருக்கிறீர்கள், அல்லது உள்ளே இருப்பது உரிமையாளர் என்ற கருத்தே இல்லாத ஃபேட் வகைக் கோப்பு முறைமை.

படி 2: திறந்து மவுண்ட் செய்தல்

சூடோ கிரிப்ட்செட்டப் ஓப்பன் /டெவ்/எஸ்டிபி1 பெட்டகம்
சூடோ எம்கேடிர் -பி /எம்என்டி/பெட்டகம்
சூடோ மவுண்ட் /டெவ்/மேப்பர்/பெட்டகம் /எம்என்டி/பெட்டகம்

மவுண்ட் கட்டளையில் எஸ்டிபி1 என்ற பெயர் வரக்கூடாது. மேப்பர் வழியாக வரும் பெயர்தான் வர வேண்டும். எஸ்டிபி1 மேல் மவுண்ட் செய்ய முயன்றால் கணினி மறுத்துவிடும், தீங்கில்லை. ஆனால் அதே இடத்தில் எம்கேஎஃப்எஸ் கட்டளையை இட்டால் லக்ஸ் தலைப்பகுதி அழிந்து, கடவுச்சொல் தெரிந்திருந்தும் உள்ளே உள்ளவற்றை மீட்க வழியில்லாமல் போகும்.

படி 3: எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகியவற்றில் உரிமையை மாற்றுதல்

இவை மூன்றும் உரிமையாளர் விவரத்தைத் தம்முள்ளேயே எழுதி வைப்பவை. மவுண்ட் ஆன பிறகு, ஆம், ஆன பிறகுதான், இந்தக் கட்டளையை இட வேண்டும்:

சூடோ சிஎச்ஓன் கயல்:கயல் /எம்என்டி/பெட்டகம்

இதில் வரும் கட்டளைப் பெயருக்கு எழுத்துகள் ஐந்து: சி, எச், ஓ, டபிள்யூ, என். இத்துடன் காரியம் முடிந்தது. இந்த மாற்றம் வட்டிலேயே பதிவாவதால், வட்டை மூடித் திறந்தாலும், கணினியை மறுபடி துவக்கினாலும் அப்படியே இருக்கும்.

மவுண்ட் ஆகும் முன்னரே இதைச் செய்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் புதியவர்களின் குழப்பத்தில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. மவுண்ட் ஆகாத நிலையில் /எம்என்டி/பெட்டகம் என்பது கணினியின் சொந்த வட்டில் உள்ள ஒரு சாதாரண வெற்றுக் கோப்புறை. அதை கயலின் பெயருக்கு மாற்றிவிட்டு ஸ்டாட் கட்டளையை இட்டால் '755 கயல் கயல்' என்று அழகாகக் காட்டும். அடுத்து மவுண்ட் செய்துவிட்டு அதே ஸ்டாட் கட்டளையை மறுபடி இட்டால் '755 ரூட் ரூட்' என்று காட்டும். செய்த மாற்றம் காற்றில் கரைந்துவிடவில்லை. மவுண்ட் செய்ததும் வட்டுக்குள் இருக்கும் உச்சிக் கோப்புறை மேலே வந்து அமர்ந்து, அடியில் இருந்த வெற்றுக் கோப்புறையை மறைத்துவிட்டது, அவ்வளவுதான். பாதை ஒன்றே என்றாலும் அங்கே இருப்பவை இரண்டு வெவ்வேறு கோப்புறைகள், இரண்டு வெவ்வேறு உரிமைகள்.

இதில் ஒரு பாதுகாப்பு விஷயமும் அடங்கியிருக்கிறது. அடியில் உள்ள வெற்றுக் கோப்புறை கயலுக்குச் சொந்தமாக இருக்குமானால், வட்டைச் செருக மறந்த ஒரு நாளில் காப்புப்பிரதி எடுக்கும் செயலியோ பதிவிறக்கச் செயலியோ தன் கோப்புகளைத் தயங்காமல் அங்கேயே எழுதிவிடும். ரகசியம் என்று நினைத்தவை குறியாக்கம் இல்லாத வட்டில் போய் விழும். மறுநாள் வட்டை மவுண்ட் செய்ததும் அந்தக் கோப்புகள் கண்ணிலிருந்து மறைந்துவிடுவதால், அவை அங்கே கிடப்பதும் தெரியாது. அதனால் அடியில் உள்ள கோப்புறையை ரூட் பயனரின் பெயரிலேயே விட்டுவைப்பது நல்லது. இன்னும் இறுக்கமாக வேண்டுமென்றால், மவுண்ட் ஆகாத நேரத்தில் சூடோ சிஎச்ஏடிடிஆர் +ஐ /எம்என்டி/பெட்டகம் என்று இட்டுவிடுங்கள். அதன்பின் ரூட் பயனரால்கூட அந்த வெற்றுக் கோப்புறையில் எதையும் உருவாக்க முடியாது, ஆனால் அதன் மேல் மவுண்ட் செய்வதற்கு எந்தத் தடையும் இருக்காது. ஏற்கெனவே அடியில் ஏதாவது விழுந்திருக்குமோ என்று ஐயம் இருந்தால், வட்டை இறக்கிவிட்டு அந்தக் கோப்புறையைத் திறந்து பாருங்கள்.

இரண்டு தவறான குறுக்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, மவுண்ட் கட்டளையில் 'யூஐடி=1000' என்ற விருப்பத்தைச் சேர்ப்பது. எக்ஸ்ட்4-க்கு அப்படியொரு விருப்பமே கிடையாது. வட்டு மவுண்ட் ஆகாமல், கோப்பு முறைமையின் வகை தவறு, விருப்பம் தவறு, சூப்பர்பிளாக் தவறு என்று எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கும் அச்சமூட்டும் செய்தி வரும். சூப்பர்பிளாக், அதாவது கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்கள் உள்ள பகுதி, கெட்டுவிட்டதோ என்று பதறி வட்டைச் சரிசெய்யும் கருவிகளைத் தேடிப் போகாதீர்கள். அந்த விருப்பத்தை நீக்கினால் போதும். மற்றொன்று, /டெவ்/மேப்பர்/பெட்டகம் என்ற சாதனத்தின் அனுமதியை மாற்றுவது. அது கோப்புகளின் அனுமதியை எள்ளளவும் மாற்றாது. மாறாக, கோப்பு அனுமதிகள் அனைத்தையும் சுற்றிக்கொண்டு, விடுவிக்கப்பட்ட பைட்டுகளை நேரடியாகப் படிக்கும் வாசலை எல்லாப் பயனர்களுக்கும் திறந்துவிடும்.

சிஎச்மோட் 777 என்ற கட்டளையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எழுத முடியவில்லை என்று கேட்டவுடன் பலரும் கைநீட்டிக் கொடுக்கும் மருந்து அதுதான், வேலையும் செய்யும். ஆனால் குறியாக்கம் என்பது வட்டு மூடிக் கிடக்கும்போதுதான் காக்கிறது; வட்டு தொலைந்தாலோ திருடு போனாலோ அதன் பயன் தெரியும். திறந்து மவுண்ட் செய்துவிட்ட பிறகு, அதே கணினியில் உள்ள மற்றப் பயனர்களிடமிருந்தும், பின்னணியில் ஓடும் சேவைகளிடமிருந்தும் உங்கள் கோப்புகளைக் காப்பது இந்த அனுமதி எண்கள் மட்டுமே. குறியாக்கம் செய்யும் அளவுக்கு ரகசியமானவற்றை வைத்திருப்பவர் 777 இடுவது முன்னுக்குப் பின் முரண். ஒருவர் மட்டும் பயன்படுத்தும் வட்டுக்கு என் பரிந்துரை இதுதான்:

சூடோ சிஎச்மோட் 700 /எம்என்டி/பெட்டகம்

உச்சிக் கோப்புறைக்கு 700 இட்டுவிட்டால், உள்ளே இருக்கும் கோப்புகளின் எண் எதுவாக இருந்தாலும் வேறு பயனர் வாசலைத் தாண்டி வர முடியாது. ரூட் பயனருக்கு மட்டும் இது தடையில்லை.

வட்டில் ஏற்கெனவே ரூட் பெயரில் ஏராளமான கோப்புகள் இருந்தால் சிஎச்ஓன் கட்டளையுடன் '-ஆர்' என்பதைப் பெரிய எழுத்தில் சேர்த்து உள்ளே உள்ளவை அனைத்தையும் மாற்றலாம். இடும் முன் பாதையை இரண்டு முறை படியுங்கள். சாய்கோட்டுக்குப் பின் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்தாலும், கட்டளை கணினியின் வேரிலிருந்து எல்லாக் கோப்புகளையும் கயலின் பெயருக்கு மாற்றத் தொடங்கிவிடும். சூடோ கட்டளையே அதன்பின் இயங்காமல் போகலாம். புதிய வட்டுக்கு '-ஆர்' தேவையே இல்லை.

படி 4: உள்ளே ஃபேட், எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இருந்தால்

வேராகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருளின் கொள்கலன்களிலும், விண்டோஸில் பிட்லாக்கர் கொண்டு பூட்டிய வட்டுகளிலும் இவை இருக்கும். பிட்லாக்கர் வட்டுகளை கிரிப்ட்செட்டப் 2.3 பதிப்பு முதல், அதாவது 2020 முதல், 'ஓப்பன் --டைப் பிட்எல்கே' என்று சொல்லி லினக்ஸிலேயே திறக்கலாம். ஃபேட் வகைகளில் யூனிக்ஸ் உரிமையாளர் விவரத்தை எழுதி வைக்க இடமே இல்லாததால் சிஎச்ஓன் எடுபடாது. என்டிஎஃப்எஸ்ஸில் விண்டோஸின் அனுமதி முறை இருந்தாலும், லினக்ஸில் அதைக் கையாள்வதற்கும் பின்வரும் வழியே எளியது. மவுண்ட் செய்யும்போதே உரிமையைச் சொல்லிவிட வேண்டும்:

சூடோ மவுண்ட் -ஓ யூஐடி=1000,ஜிஐடி=1000,டிமாஸ்க்=077,எஃப்மாஸ்க்=177 /டெவ்/மேப்பர்/பெட்டகம் /எம்என்டி/பெட்டகம்

மாஸ்க் என்பதில் வருவது கொடுக்கும் அனுமதி அல்ல, பறிக்கும் அனுமதி. 777 என்பதிலிருந்து 077 பறிபோனால் கோப்புறைகளுக்கு 700 மிஞ்சும். 177 பறிபோனால் கோப்புகளுக்கு 600 மிஞ்சும். இதை மாற்ற விரும்பினால் வட்டை ஒருமுறை இறக்கிவிட்டுப் புதிய எண்களுடன் மறுபடி மவுண்ட் செய்வதே உறுதியான வழி. இந்த உரிமை வட்டில் எழுதப்படுவதில்லை என்பதால் ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும். கோப்பு மேலாளர் வழியாக மவுண்ட் செய்தால், பின்னணியில் இருக்கும் யூடிஸ்க்ஸ் சேவை உங்கள் எண்ணைத் தானே சேர்த்துவிடுகிறது. சாதாரணப் பென்டிரைவ்களில் இந்தச் சிக்கலே தலைகாட்டாததற்குக் காரணம் அதுதான்.

வீட்டில் இருவர் பகிர்ந்துகொள்ள

கயலும் மாறனும் ஒரே கணினியில் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள், இருவருக்கும் வட்டில் எழுத வேண்டும் என்றால் குழு ஒன்றை அமைப்பதே முறை.

சூடோ குரூப்ஆட் வீடு
சூடோ யூசர்மாட் -ஏஜி வீடு கயல்
சூடோ யூசர்மாட் -ஏஜி வீடு மாறன்
சூடோ சிஎச்ஓன் ரூட்:வீடு /எம்என்டி/பெட்டகம்
சூடோ சிஎச்மோட் 2770 /எம்என்டி/பெட்டகம்

'-ஏஜி' என்பதில் ஏ சிறிய எழுத்து, ஜி பெரிய எழுத்து. அந்த ஏ விடுபட்டால் பயனர் தாம் ஏற்கெனவே இருந்த பிற குழுக்களிலிருந்து நீக்கப்பட்டு, சூடோ உரிமையைக்கூட இழக்கலாம். குழுவில் சேர்த்த பின் இருவரும் வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். 2770 என்பதில் முன்னே நிற்கும் 2, உள்ளே உருவாகும் புதிய கோப்புகள் யாவும் வீடு என்ற குழுவுக்கே சேரும்படி பார்த்துக்கொள்கிறது.

ஆனால் குழு சரியாக இருந்தாலும், கயல் உருவாக்கிய கோப்பை மாறன் திருத்த முடியாத நிலை பல கணினிகளில் ஏற்படும். அங்கே யூமாஸ்க் (புதிய கோப்புகளிலிருந்து பறிக்கப்படும் அனுமதி) மதிப்பு 022 என்று இருப்பதால், புதிய கோப்புகள் குழுவுக்கு எழுதும் அனுமதி இல்லாமல் 644 என்றே பிறக்கின்றன. அதற்கு இயல்பு அனுமதிப் பட்டியல் ஒன்றை வைக்க வேண்டும்:

சூடோ செட்எஃப்ஏசிஎல் -டி -எம் ஜி:வீடு:ஆர்டபிள்யூஎக்ஸ் /எம்என்டி/பெட்டகம்

இதன்பின் அங்கே உருவாகும் கோப்புகளுக்கு யூமாஸ்க் பொருந்தாது. வேறோர் இடத்திலிருந்து நகர்த்தி வந்த கோப்புகளுக்கு மட்டும் இது செல்லாது, அவை தம் பழைய அனுமதிகளையே சுமந்து வரும்.

இன்னொரு பொறியும் உண்டு. கயல் தன் கோப்பு மேலாளரில் வட்டைத் திறந்தால் அது /மீடியா/கயல் என்ற கோப்புறையின் கீழ், சில வழங்கல்களில் /ரன்/மீடியா/கயல் என்பதன் கீழ், மவுண்ட் ஆகும். அந்த மேற்கோப்புறைக்குள் கயல் மட்டுமே நுழையும்படி யூடிஸ்க்ஸ் அமைத்திருப்பதால், வட்டின் அனுமதிகள் அத்தனையும் சரியாக இருந்தும் மாறனால் உள்ளே வர இயலாது. நேம்ஐ -எல் என்ற கட்டளையுடன் முழுப் பாதையைக் கொடுத்தால், பாதையின் ஒவ்வொரு படியிலும் யாருக்கு என்ன அனுமதி என்று வரிசையாகக் காட்டும். எந்தப் படியில் வழி அடைபட்டிருக்கிறது என்பதை அதில் கண்டுகொள்ளலாம். பகிரும் வட்டுக்கு /எம்என்டி அல்லது /எஸ்ஆர்வி போன்ற பொது இடமே பொருத்தம்.

ஒவ்வொரு முறை துவங்கும்போதும் தானாக மவுண்ட் ஆக

இதற்கு இரண்டு கோப்புகளில் ஒவ்வொரு வரி தேவை. முதலாவது /ஈடிசி/கிரிப்ட்டேப். அதில் பெயர், சாதனம், சாவிக்கோப்பு, விருப்பங்கள் என்ற வரிசையில் இப்படி எழுதுங்கள்:

பெட்டகம் யூயூஐடி=(உங்கள் எண்) நன் லக்ஸ்,நோஃபெயில்

யூயூஐடி என்பது வட்டுப் பிரிவின் தனி அடையாள எண், அந்தச் சொல்லைப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும். இங்கே வர வேண்டிய எண், பிஎல்கேஐடி /டெவ்/எஸ்டிபி1 என்ற கட்டளை காட்டும் லக்ஸ் கொள்கலனின் எண். உள்ளே இருக்கும் எக்ஸ்ட்4-க்கு வேறோர் எண் உண்டு, அது இங்கே செல்லாது. 'நன்' என்றால் துவங்கும்போது கடவுச்சொல் கேட்கப்படும். இரண்டாவது கோப்பு /ஈடிசி/எஃப்எஸ்டேப்:

/டெவ்/மேப்பர்/பெட்டகம் /எம்என்டி/பெட்டகம் எக்ஸ்ட்4 டிஃபால்ட்ஸ்,நோஃபெயில் 0 2

ஃபேட் வகையென்றால் யூஐடி முதலான விருப்பங்களை நான்காவது பத்தியில் காற்புள்ளியிட்டுச் சேர்த்து, கடைசி இரண்டு எண்களையும் 0 ஆக்கிவிடுங்கள். நோஃபெயில் என்ற சொல்லை விட்டுவிட்டால், வட்டு செருகப்படாத நாளில் கணினி அதற்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசர நிலைத் திரையில் போய் நின்றுவிடும். சேமித்த பின் சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் என்ற கட்டளையையும், தொடர்ந்து ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை என்ற கட்டளையையும் இட்டால், எழுத்துப்பிழை இருந்தால் கணினியை மறுபடி துவக்கும் முன்னரே தெரிந்துவிடும்.

எஃப்எஸ்டேப்பில் 'யூசர்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் எழுதும் அனுமதி கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சாதாரணப் பயனர் மவுண்ட் செய்ய விடுகிறதே தவிர, எழுத விடுவதில்லை. போதாக்குறைக்கு அது நோஎக்செக், நோஎஸ்யூஐடி, நோடெவ் என்ற மூன்று தடைகளையும் கூடவே கொண்டுவருகிறது. அதனால் வட்டில் உள்ள நிரல்களை இயக்கப் போனால், 755 இட்டிருந்தும் 'பெர்மிஷன் டினைட்' வரும். இயக்க வேண்டுமானால் 'யூசர்' என்பதற்குப் பின்னே 'எக்செக்' என்று சேர்க்க வேண்டும்.

வேறு கணினியில் செருகினால்

எக்ஸ்ட்4 தன்னுள் எழுதி வைப்பது கயல் என்ற பெயரை அல்ல, 1000 என்ற எண்ணை. அலுவலகக் கணினியில் கயலின் எண் 1001 என்றால், அங்கே அவர் சொந்த வட்டுக்கே அந்நியர். அங்கே 1000 என்ற எண்ணுக்கு உரியவர் யாரோ அவரே உரிமையாளர் ஆகிவிடுவார். ஒவ்வொரு முறையும் சிஎச்ஓன் இட்டுக்கொண்டிருப்பது இரண்டு கணினிகளுக்கும் இடையே முடிவில்லாத இழுபறியாகும். இரண்டு கணினிகளிலும் ஒரே எண்ணை வைத்துக்கொள்வது சிறந்தது. அது இயலாத இடத்தில் பைண்ட்எஃப்எஸ் என்ற கருவி, வட்டில் உள்ள உரிமையைத் தொடாமலேயே வேறொரு பயனருக்குச் சொந்தமானதுபோல் காட்டித் தரும். பல கணினிகளுக்கு அலையும் வட்டு என்று முதலிலேயே தெரிந்தால், லக்ஸுக்குள் எக்ஸ்ஃபேட் வைப்பதையும் யோசிக்கலாம். அனுமதிகளின் நுணுக்கம் போய்விடும், தொல்லையும் போய்விடும்.

படிக்க மட்டுமே திறந்திருந்தால்

ஃபைண்ட்எம்என்டி 'ஆர்ஓ' என்று காட்டினால், முதலில் டிமெசேஜ் என்ற கெர்னல் செய்திப் பதிவைப் பாருங்கள். அந்தக் கட்டளையை டி, எம், இ, எஸ், ஜி என்று எழுத வேண்டும். வட்டில் பிழை கண்டு எக்ஸ்ட்4 தானே தன்னை மூடிக்கொண்டிருந்தால் அங்கே குறிப்பு இருக்கும். அப்போது வலுக்கட்டாயமாக எழுதத் திறக்காமல், இறக்கிவிட்டு, எஃப்எஸ்சிகே கட்டளையை மேப்பர் பெயரின் மேல் இட்டுச் சரிபார்க்க வேண்டும். பிழை ஏதுமில்லை, யாரோ 'ஆர்ஓ' என்று சொல்லித்தான் மவுண்ட் செய்திருக்கிறார்கள் என்றால் சூடோ மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /எம்என்டி/பெட்டகம் போதும். கிரிப்ட்செட்டப்பிலேயே படிக்க மட்டும் என்று திறந்திருந்தால், அதை மூடி மறுபடி திறந்தாக வேண்டும்.

ஃபெடோராவில் எண்கள் அனைத்தும் சரியாக இருந்தும் சாம்பா போன்ற கோப்புப் பகிர்வுச் சேவை மட்டும் மறுக்கப்பட்டால், எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு முறை இடும் அடையாளத்தை எல்எஸ் -எல்டிஇசட் என்ற கட்டளையால் பாருங்கள். அதில் இசட் மட்டும் பெரிய எழுத்து. புதிய கோப்பு முறைமைக்கு அடையாளம் இல்லாமல் இருப்பதே பெரும்பாலும் காரணம்.

பிஎஸ்டி, மேக்

ஃப்ரீபிஎஸ்டியில் ஜெலி என்ற குறியாக்க முறை. ஜெலி அட்டாச் என்று திறந்ததும் சாதனப் பெயரின் முடிவில் '.இஎல்ஐ' சேர்ந்த புதிய சாதனம் தோன்றும். அதை மவுண்ட் செய்த பின் சிஎச்ஓன் இடுவது லினக்ஸில் போலவே. சாதாரணப் பயனரே மவுண்ட் செய்ய வேண்டுமானால் விஎஃப்எஸ்.யூசர்மவுண்ட் என்ற அமைப்பை 1 ஆக்க வேண்டும். அங்கே அடியில் உள்ள வெற்றுக் கோப்புறையும் அந்தப் பயனருக்குச் சொந்தமாக இருந்தாக வேண்டும், லினக்ஸுக்குச் சொன்னதற்கு நேர்மாறாக. ஓபன்பிஎஸ்டி இந்த வசதியை 2016-இல் வந்த 6.0 பதிப்பில் நீக்கிவிட்டதால் அங்கே ரூட் அதிகாரத்தில்தான் மவுண்ட் செய்ய முடியும். மேக்கில் வெளிப்புற வட்டுகளின் உரிமை விவரத்தைப் பொருட்படுத்தாமல் விடும் வழக்கம் இருப்பதால், அனுமதிகள் மாறாததுபோல் தோன்றினால் சூடோ டிஸ்க்யூட்டில் எனேபிள்ஓனர்ஷிப் என்ற கட்டளையுடன் வட்டின் பாதையைக் கொடுக்க வேண்டும். மேக்கின் முதல் பயனர் எண் 501 என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மூடுதல்

சூடோ யூமவுண்ட் /எம்என்டி/பெட்டகம்
சூடோ கிரிப்ட்செட்டப் குளோஸ் பெட்டகம்

முதல் கட்டளைப் பெயரில் யூ என்ற எழுத்துக்குப் பின் என் வராது. 'டார்கெட் இஸ் பிஸி' என்று மறுப்பு வந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு டெர்மினல் அந்தக் கோப்புறைக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும். சூடோ ஃப்யூசர் -விஎம் /எம்என்டி/பெட்டகம் என்று இட்டால் யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று தெரியும். யூமவுண்ட் மட்டும் செய்துவிட்டு இரண்டாவது கட்டளையை விட்டுவிட்டால், மேப்பர் சாதனம் திறந்தேதான் இருக்கும், சூடோ உரிமை உள்ள எவரும் கடவுச்சொல் இல்லாமலே அதை மறுபடி மவுண்ட் செய்ய முடியும். எல்எஸ்பிஎல்கே காட்டும் மரத்தில் எஸ்டிபி1 வரியின் கீழ் கிளை ஏதும் இல்லை என்று பார்த்த பிறகே வட்டைக் கழற்றுங்கள்.